கைசரா, ஜயீரா? நோட்டர் டேம் அணியின் 2016 குவாட்டர்பேக் விவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, 2016 பருவத்தை அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் 10-ஆம் இடத்தில் தொடங்கி, 12 ஆட்டங்களில் 4 வெற்றி, 8 தோல்வி என்ற கணக்கில் முடித்தது. அந்தப் பருவம் முழுவதும் ரசிகர்களிடையே ஓயாமல் நடந்த விவாதம் ஒன்றுதான்: டிஷோன் கைசரை ஆடவைப்பதா, மாலிக் ஜயீரை ஆடவைப்பதா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் தமிழ் வாசகர்களும் இந்த விவாதத்தைப் பற்றி அடிக்கடி கேட்பதால், முக்கியமான கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கைசரே பருவம் முழுவதும் ஆடியிருக்க வேண்டும் என்பதும், அணியின் நோய் வேறு இடத்தில் இருந்தது என்பதும் இதை எழுதுபவரின் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் பதில்களிலேயே உள்ளன.

குவாட்டர்பேக் யார்? ஒரே ஒரு வீரரைப் பற்றி ஏன் இத்தனை சண்டை?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்க, அதை வாங்குபவர் குவாட்டர்பேக். அவர் அதை எறியலாம், ஓடுபவர் கையில் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். அநேகமாக ஒவ்வொரு ஆட்டநகர்விலும் பந்து அவர் கையைத் தொட்டுத்தான் போகிறது. கிரிக்கெட் அணியில் விக்கெட் கீப்பர் இடம் ஒன்றே ஒன்று இருப்பதைப் போல இங்கும் இடம் ஒன்றுதான். இரண்டு பேர் நன்றாக ஆடினாலும் ஒருவர் வெளியேதான் நிற்க வேண்டும். எனவே அணி தோற்கும்போது ரசிகர்களின் கண் முதலில் குவாட்டர்பேக் மேல் விழுகிறது, அடுத்த கணம் கோட்டுக்கு வெளியே நிற்கும் மற்றவர் மேல் விழுகிறது. வெளியே நிற்பவர் அன்று ஒரு தவறும் செய்திருக்க மாட்டார் என்பதால், அவர் பக்கம் மனம் சாய்வது இயல்பு.

இருவரும் எப்படிப் போட்டிக்கு வந்தார்கள்?

கதை 2014-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு எவரெட் கோல்சன் முதன்மைக் குவாட்டர்பேக். அவர் பந்தைப் பலமுறை எதிரணியிடம் இழந்ததால், பருவத்தின் இறுதியில் எல்எஸ்யூ அணிக்கு எதிரான மியூசிக் சிட்டி பவுல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு ஜயீருக்குக் கிடைத்தது. கோல்சனும் இடையிடையே ஆடிய அந்த ஆட்டத்தில் நோட்டர் டேம் 31-28 என்று வென்றது. 2015-இல் கோல்சன் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குப் போய்விட, இடம் ஜயீருடையதானது. முதல் ஆட்டத்தில் டெக்சாஸை 38-3 என்று அணி வீழ்த்தியபோது, அவர் எறிந்த 22 பந்துகளில் 19 இலக்கை அடைந்தன. 313 யார்டு, 3 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்து ஆறு புள்ளி பெறுவதே டச்டவுன்). அடுத்த வாரமே வர்ஜீனியாவில் அவருடைய கணுக்கால் முறிந்தது.

அன்று உள்ளே வந்தவர்தான் கைசர். ஆட்டம் முடிய 12 விநாடிகள் இருந்தபோது வில் ஃபுல்லருக்கு 39 யார்டு டச்டவுன் எறிந்து 34-27 என்று வெற்றி தேடித் தந்தார். அந்தப் பருவத்தை அணி 10-3 என்று முடித்தது. ஆக 2016 கோடையில் பயிற்சியாளர் பிரையன் கெல்லியின் முன்னால் இரண்டு நியாயங்கள் நின்றன: காயத்தால் இடத்தை இழந்தவர் ஒருவர், கிடைத்த இடத்தில் ஓர் ஆண்டு முழுக்க நன்றாக ஆடிக் காட்டியவர் மற்றவர்.

ஜயீருக்காக ரசிகர்கள் வைத்த வாதங்களில் நியாயம் இருந்ததா?

இருந்தது, அதை மறைப்பது சரியல்ல. மோசமாக ஆடி அவர் இடத்தை இழக்கவில்லை, எலும்பு முறிந்துதான் இழந்தார். ‘காயத்தால் இடம் போகக் கூடாது’ என்பது விளையாட்டு உலகில் பலர் மனமார நம்பும் நெறி. இடக்கைக்காரரான அவர் ஓட்டத்தில் வேகமும் துணிவும் உள்ளவர். அவர் களத்தில் இருந்தால் அணிக்கே ஒரு சூடு பிடிக்கிறது என்று ரசிகர்கள் சொன்னதும் வெறும் கற்பனை இல்லை. 2015 டெக்சாஸ் ஆட்டத்தைப் பார்த்த எவரும் அந்த இளைஞரின் திறனைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வாதத்தின் எடை முழுவதும் ஓர் ஆட்டத்தின் மீதும், ஒரு பவுல் வெற்றியின் மீதும் நின்றது. மறுபக்கம் கைசர் பத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பலவகை எதிரணிகளைச் சந்தித்து, 2015-இல் ஏறக்குறைய 2,880 யார்டும் 21 டச்டவுனும் எறிந்திருந்தார். காயத்தால் இடம் இழந்தவருக்கு அணி கடன்பட்டிருக்கிறது என்றால், அந்த வெற்றிடத்தை நிரப்பி ஒன்பது வெற்றிகளை ஈட்டித் தந்தவருக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறது.

பருவத்தின் முதல் ஆட்டத்தில் இருவரையும் மாற்றி மாற்றி ஆடவைத்தது சரியா?

சரியல்ல. 2016 செப்டம்பர் 4 அன்று ஆஸ்டின் நகரில் டெக்சாஸுக்கு எதிரான ஆட்டத்தில் இருவரும் ஆடுவார்கள் என்று கெல்லி முன்கூட்டியே அறிவித்திருந்தார். முற்பாதியில் அப்படியே நடந்தது. கைசர் ஒரு தொடர் (பந்து அணியிடம் இருக்கும் ஒரு முறை) ஆடிச் சூடுபிடிக்கும்போது வெளியே வருவார், ஜயீர் உள்ளே போவார், தாளம் அறுபடும். 31-14 என்று பின்தங்கிய பிறகு கைசர் ஒருவரே ஆட்டத்தை நடத்தத் தொடங்கியதும் அணி எழுந்து வந்தது. இரண்டு ஓவர்டைம் (சமநிலையை முறிக்கும் கூடுதல் சுற்று) வரை சென்ற ஆட்டத்தில் நோட்டர் டேம் 50-47 என்று தோற்றாலும், அது போட்ட ஆறு டச்டவுன்களில் ஐந்து கைசர் எறிந்தவை, ஒன்று அவரே ஓடிச் சேர்த்தது. அந்த வாரத்திலேயே அவர் முதன்மைக் குவாட்டர்பேக் என்று அறிவிக்கப்பட்டார். ஆகஸ்ட் மாதத்திலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு, ஒரு தோல்வியை விலையாகக் கொடுத்த பிறகு வந்தது.

இதில் பார்வையாளர்களுக்குத் தெரியாத ஒரு செலவும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி விதிகளின்படி பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி. அதற்குள்ளேயே காணொளி பார்ப்பது, கூட்டங்கள், களப் பயிற்சி எல்லாம் அடங்க வேண்டும். முதல் அணியுடன் ஆடிப் பழகும் வாய்ப்பை இருவருக்குப் பிரித்தால், எந்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) எந்த அடியில் திரும்புவார், சென்டர் பந்தை எந்த வேகத்தில் அனுப்புவார் என்ற பழக்கம் இருவருக்குமே பாதிதான் கிடைக்கும். இடக்கையால் எறியப்படும் பந்து சுழலும் திசை வேறு என்பதால், பிடிப்பவர்களும் இரண்டு வகைக்கும் பழக வேண்டியிருந்தது.

அப்படியானால் இரண்டு குவாட்டர்பேக்குகளை வைத்து ஆடுவது எப்போதுமே தவறா?

இல்லை. அன்று எதிரில் நின்ற டெக்சாஸே இருவரை வைத்துத்தான் ஆடியது. முதலாண்டு மாணவர் ஷேன் புஷேல் பந்தெறிந்தார். எதிரணிக் கோட்டை நெருங்கியதும் பலசாலியான டைரோன் ஸ்வூப்ஸ் உள்ளே வந்து முட்டிமோதி ஓடினார். வெற்றி டச்டவுனை அடித்தவரும் ஸ்வூப்ஸ்தான். 2006-இல் ஃபுளோரிடா அணி கிறிஸ் லீக்கை முதன்மையாகவும், டிம் டீபோவைக் குறுகிய தூர ஓட்டங்களுக்காகவும் பயன்படுத்தி, இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று வென்று தேசியச் சாம்பியன் ஆனது. நோட்டர் டேமிலேயே 2012-இல் கோல்சன் தடுமாறியபோதெல்லாம் அனுபவசாலியான டாமி ரீஸ் வந்து ஆட்டத்தை முடித்துக்கொடுக்க, வழக்கமான பருவம் 12-0 என்று முடிந்தது. (கல்வி முறைகேடு காரணமாக அந்த வெற்றிகளைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு பின்னர் பதிவிலிருந்து நீக்கியது, களத்தில் நடந்தது நடந்ததுதான்.)

இவை எல்லாவற்றிலும் யாருக்கு எந்த வேலை என்பது தெளிவாக இருந்தது. ‘நான் எப்போது உள்ளே போவேன், எதற்காகப் போவேன்’ என்பது இருவருக்கும் தெரியும். 2016-இல் கைசரும் ஜயீரும் ஒரே வேலைக்குப் போட்டியிட்டார்கள். களத்தில் அடுத்த தவறைச் செய்பவர் வெளியேறுவார் என்ற அச்சத்தைத் தவிர, மாற்றத்துக்கு வேறு திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

வட கரோலினா ஸ்டேட் ஆட்டத்தில் கைசர் 26-க்கு 9 தானே எறிந்தார்? அப்போதே மாற்றியிருக்க வேண்டாமா?

அந்த ஒற்றை எண்ணைத்தான் அந்த வாரம் முழுவதும் பலர் ஆயுதமாகக் கையில் எடுத்தார்கள். 26 எறிகள், 9 மட்டும் இலக்கை அடைந்தன, 54 யார்டு. ஆனால் 2016 அக்டோபர் 8 அன்று ராலே நகரில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. மேத்யூ சூறாவளியின் மழை ஆட்டம் முழுவதும் கொட்டித் தீர்த்தது. மைதானத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பந்து சோப்புக் கட்டியாக வழுக்கியது. அப்படிப்பட்ட நாளில் 26 முறை எறியச் சொன்னது யார்? குவாட்டர்பேக் இல்லை, ஆட்ட உத்திகளைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர்கள். ஓடி ஆட வேண்டிய நாளில் எறிந்து ஆடினார்கள்.

எதிரணியின் எறிதலும் அன்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 10-3 என்று முடிந்த ஆட்டத்தின் ஒரே டச்டவுன், நோட்டர் டேம் உதைத்த பன்ட் பந்து (முன்னேற முடியாதபோது எதிரணிப் பக்கம் தொலைவாக உதைத்துவிடும் பந்து) தடுக்கப்பட்டு, அதை எதிரணி எடுத்து ஓடியதால் விழுந்தது. அணியின் கடைசி வாய்ப்போ, கைசர் ஆயத்தமாகும் முன்பே பின்னால் வந்துவிட்ட ஸ்னாப்போடு (சென்டர் பின்னால் கொடுக்கும் பந்து) வீணானது. ஆட்டம் முடிந்ததும் கெல்லி சென்டரின் ஸ்னாப்பை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஒரு மாணவ வீரரைச் சூறாவளியில் நனைந்த பந்துக்காகப் பத்திரிகையாளர்கள் முன் குற்றவாளியாக்கியது, அந்தப் பருவத்தின் மிக வருத்தமான காட்சிகளில் ஒன்று.

ஸ்டான்ஃபர்டுக்கு எதிராகக் கைசரை வெளியே அழைத்தது சரியான முடிவு இல்லையா?

அடுத்த வாரம், அக்டோபர் 15 அன்று, சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டம் அது. ஸ்டான்ஃபர்டின் நட்சத்திர வீரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி காயத்தால் ஆடவில்லை. இடைவேளையில் நோட்டர் டேம் 10-0 என்று முன்னணியில் இருந்தது. மூன்றாவது கால்பகுதியில் கைசர் எறிந்த ஒரு பந்தை எதிரணி பறித்து டச்டவுனுக்கே ஓடியது. மறுபடியும் ஒரு பந்து பறிபோனதும் கெல்லி ஜயீரை அனுப்பினார்.

இந்த முடிவைப் பாராட்டியவர்களின் மனநிலை புரிகிறது. கண்முன்னே தவறு நடக்கிறது, உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஜயீரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் இரண்டாம் அணியுடன் பழகியவர், குளிர்ந்த கையோடு, கைநழுவத் தொடங்கிவிட்ட ஆட்டத்துக்குள் இறக்கப்படுகிறார். அவர் ஆடிய தொடர்களில் அணி முன்னேறவில்லை. அதற்குள் ஸ்டான்ஃபர்ட் முந்திவிட்டது. கடைசியில் கெல்லி மறுபடி கைசரையே அனுப்ப, அவர் அணியை எதிரணிக் கோட்டுக்கு அருகே வரை கொண்டுபோனார், நேரம் தீர்ந்தது. 17-10 தோல்வி.

இரண்டு தவறுகளுக்குப் பிறகு ஒரு குவாட்டர்பேக்கை வெளியே எடுப்பது, ‘இனித் தவறு செய்தால் இடம் போகும்’ என்று அவருக்குக் கற்றுக்கொடுப்பதாகும். அந்தப் பாடத்தைக் கற்றவர் இடைவெளி தெரிந்தாலும் எறியத் தயங்குவார். ஆட்டத்தின் முடிவில் திரும்பவும் அவரிடமே பந்தைக் கொடுக்க நேர்ந்ததே, யார் சிறந்தவர் என்பதைக் கெல்லியும் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று.

எட்டுத் தோல்விகளில் குவாட்டர்பேக்கின் பங்கு உண்மையில் எவ்வளவு?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் நடுநாயகமானது. எட்டுத் தோல்விகளில் ஏழு, 8 புள்ளிகள் அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் வந்தவை. அவற்றில் ஒன்று நேவிக்கு எதிராக ஒரே புள்ளியில். இன்னொரு கோணத்தில் பார்த்தால், எட்டில் ஆறு தோல்விகளில் நோட்டர் டேம் 27 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்திருந்தது: டெக்சாஸுக்கு எதிராக 47, மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 28, டியூக்குக்கு எதிராக 35, நேவிக்கு எதிராக 27, வர்ஜீனியா டெக்குக்கு எதிராக 31, யுஎஸ்சிக்கு எதிராக 27. புள்ளி எடுக்க முடியாமல் தோற்ற ஆட்டங்கள் மேலே சொன்ன இரண்டு மட்டுமே. அவற்றில் ஒன்று சூறாவளியில் நடந்தது.

தடுப்பாட்டம்தான் உடைந்து கிடந்தது. டியூக்குக்கு எதிராக 14-0 என்று முன்னணியில் இருந்து 38-35 என்று தோற்ற மறுநாளே தடுப்பாட்டப் பயிற்சியாளர் பிரையன் வான்கோர்டர் நீக்கப்பட்டார். வர்ஜீனியா டெக்குக்கு எதிராக 17-0 என்ற முன்னணி கரைந்து போனது. நேவி ஆட்டத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் மீதமிருந்தபோது, நான்காவது டவுனில் முன்னேற முயலாமல் மூன்று புள்ளி தரும் உதையான ஃபீல்ட் கோல் அடித்து 28-27 ஆக்கினார் கெல்லி. அதன்பின் நேவி ஓடி ஓடியே நேரத்தைத் தீர்த்துவிட, கைசர் கைக்குப் பந்து திரும்பி வரவே இல்லை. யுஎஸ்சியின் அடோரி ஜாக்சன் ஒரு பன்ட், ஒரு கிக்ஆஃப் (பந்தை எதிரணிக்கு அனுப்பும் தொடக்க உதை) ஆகியவற்றை எடுத்து ஓடி இரண்டு டச்டவுன் போட்டார். இந்த இடங்களில் எதிலும் குவாட்டர்பேக் களத்திலேயே இல்லை.

கைசரைச் சுற்றி இருந்தவர்களும் மாறியிருந்தார்கள். இடப்புறம் காத்த ரானி ஸ்டான்லி, சென்டர் நிக் மார்ட்டின், நீண்ட பந்துகளைப் பிடித்த வில் ஃபுல்லர், ஓட்டக்காரர் சி.ஜே. புரோசைஸ் ஆகிய நால்வரும் 2016 வசந்தத்தில் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் வீரர் தேர்வில் போய்விட்டார்கள். அத்தனைக்குப் பிறகும் அவர் 2,925 யார்டு, 26 டச்டவுன், 9 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறி) என்று பருவத்தை முடித்தார். டச்டவுன்கள் முந்தைய ஆண்டைவிடக் கூடின, பறிபோன பந்துகள் ஒன்று குறைந்தன.

பருவம் கைவிட்டுப் போன பிறகாவது இளையவரான பிராண்டன் விம்புஷை ஆடவைத்திருக்கலாமே?

கேட்க நன்றாக இருந்தாலும் அன்றைய விதி அதற்கு இடம் தரவில்லை. ஒரு வீரருக்கு நான்கு ஆட்டப் பருவங்கள். அப்போது ஓர் ஆட்டத்தில் சிறிது நேரம் களமிறங்கினாலும் ஒரு பருவம் கழிந்துவிடும். ஓராண்டு ஆடாமல் வைத்துப் பாதுகாக்கப்பட்ட விம்புஷை நவம்பரில் இறக்கியிருந்தால், இரண்டொரு ஆட்டத்துக்காக ஓர் ஆண்டையே எரித்ததாகியிருக்கும். நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் பருவம் கழியாது என்ற தளர்வு 2018-இல்தான் வந்தது.

இருவரும் பிறகு என்ன ஆனார்கள்?

கைசரை 2017 தேர்வில் இரண்டாம் சுற்றில், 52-ஆவது இடத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் எடுத்தது. ஓர் ஆட்டம்கூட வெல்லாத அந்த அணியில் 15 ஆட்டங்களைத் தொடங்கி அத்தனையும் தோற்றார். இதைக் காட்டி ‘அன்றே சொன்னோம்’ என்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 21 வயதில் நாட்டின் மிகப் பலவீனமான தொழில்முறை அணியில் தள்ளப்பட்டவரின் கதை, 2016 அக்டோபரில் நோட்டர் டேமில் யார் சிறந்தவர் என்ற கேள்விக்கு விடையாகாது. ஜயீர் பட்டம் பெற்று ஃபுளோரிடாவுக்குப் போனார். அங்கும் அணி தடுமாறியது, அங்கும் குவாட்டர்பேக் விவாதம் நடந்தது, 4-7 என்று முடிந்த பருவத்தில் சில ஆட்டங்களே அவருக்குக் கிடைத்தன. கெல்லி பதவியில் நீடித்தார். தடுப்பாட்டத்துக்கு மைக் எல்கோவைக் கொண்டுவந்தார். 2017-இல் அணி மீண்டும் 10-3.

ஆனால் 2018-இல் குவாட்டர்பேக்கை மாற்றித்தானே நோட்டர் டேம் எழுந்தது? ரசிகர்கள் சொன்னது சரிதானே?

2018-இல் மாற்றம் கேட்டவர்கள் சொன்னது சரிதான், அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். விம்புஷ் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்று கொடுத்திருந்தார். அதன் பிறகும் கெல்லி நான்காவது ஆட்டத்தை இயன் புக்கிடம் ஒப்படைத்தார். வேக் ஃபாரஸ்டை 56-27 என்று வீழ்த்திய அணி, வழக்கமான பருவத்தை 12-0 என்று முடித்துத் தேசிய அரையிறுதிக்குச் சென்றது. அங்கே கிளெம்சனிடம் 30-3 என்று தோற்றது.

2016-இலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது மாற்றத்துக்கான காரணம். 2017 முழுவதும் விம்புஷ் எறிந்த பந்துகளில் பாதிகூட இலக்கை அடையவில்லை. ஒரு மழை நாளில் நேர்ந்த சரிவு இல்லை அது, ஒரு பருவம் முழுக்கக் கண்ட குறை; 2018-இன் தொடக்க ஆட்டங்களிலும் தாக்குதல் திணறிக்கொண்டே வென்றது, 24-16, 22-17 என்று. எனவே பயிற்சியாளர் தோல்வி வரும்வரை காத்திருக்காமல், ஆட்டத்தின் நடுவே பிடுங்காமல், ஒரு வாரப் பயிற்சி முழுவதையும் புக்குக்குக் கொடுத்து, அவரை முதன்மை வீரராகவே களத்துக்கு அனுப்பினார். 68 விழுக்காடு பந்துகளை இலக்கில் சேர்த்தார் புக். நவம்பரில் அவர் காயமுற்றபோது விம்புஷ் ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்டத்தைத் தொடங்கி 42-13 என்று வென்று கொடுத்தார். அடுத்த வாரம் புக் திரும்பியதும் இடம் மறுபேச்சில்லாமல் புக்குக்கே போனது. யார் முதல்வர் என்பதில் அணிக்குள் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. 2016 ஆகஸ்டில் கைசருக்கும் ஜயீருக்கும் மறுக்கப்பட்டது அந்தத் தெளிவுதான்.